‘ஒரு தடவை சொன்னா புரியாதா?’

ஓசூரிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

“எனக்கு 32 வயது. மூத்தவளுக்கு நாலு வயது, எல்.கே.ஜி. போகிறாள். சின்னவனுக்கு ஒன்றரை வயது. கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு விட்டுவிட்டேன். அம்மா, அப்பா விழுப்புரம் பக்கம் கிராமத்தில் இருக்கிறார்கள். மாமியார் அவ்வப்போது வந்து ஒரு மாதம் தங்குவார். ‘நாங்க எல்லாம் அஞ்சு பிள்ளை வளர்க்கலையா’ என்பார்.

காலையிலிருந்து ராத்திரி வரை கத்திக்கொண்டே இருக்கிறேன். போன வாரம் மூத்தவள் சாப்பிட முக்கால் மணி நேரம் இழுத்தடித்துவிட்டுக் கடைசியில் தட்டைத் தள்ளிவிட்டாள். முதுகில் இரண்டு அடி வைத்துவிட்டேன். மறுநாள் அவள் பொம்மையை எதிரில் உட்கார வைத்து, ‘ஒரு தடவை சொன்னா புரியாதா உனக்கு?’ என்று அப்படியே என் குரலில் மிரட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மற்ற அம்மாக்களுக்கு எங்கிருந்து பொறுமை வருகிறது? பிள்ளைகளோடு இருக்கும்போது சந்தோஷமே வருவதில்லை. நான் பாசம் இல்லாதவளா? சில நேரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்காவது போய்விடலாம் போலிருக்கிறது. யோகா வகுப்பில் சேர்ந்தால் சரியாகுமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு உங்கள் ஒரு நாள் நடப்பையும் மணிவாரியாக எழுதி அனுப்பியிருந்தீர்கள். கணக்குப் பார்த்தவர் என்பது தெரிகிறது. ஆலோசனைக்கு வருகிற எல்லோரும் இப்படி எழுதிக்கொண்டு வந்தால் என் வேலை பாதி குறையும். உங்கள் கேள்விகளுக்கான பதில்களில் பெரும்பகுதி அந்தத் தாளிலேயே இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன். உங்களை அதிகம் வதைக்கிற கேள்வி பாசம் பற்றியது, அதை முதலில் பார்த்துவிடலாம்.

உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2004-ல் அது வெளியானது. முந்தைய நாளை ஒவ்வொரு வேலையாக நினைவுபடுத்தி, அந்தந்த நேரத்தில் மனம் எப்படி இருந்தது என்று எழுதச் சொன்னார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நேரத்துக்குக் கிடைத்த இடம் என்ன தெரியுமா? சமைப்பது, டிவி பார்ப்பது, கடைக்குப் போவது எல்லாவற்றுக்கும் கீழே. வீட்டு வேலைக்குக் கொஞ்சம் மேலே. அந்தப் பெண்களை யாரும் பாசமற்றவர்கள் என்று சொல்லவில்லை. பிள்ளைக்காக எதையும் செய்வேன் என்பது ஓர் உணர்வு. அந்தப் பிள்ளைக்கு மூன்றாவது முறையாக ஜட்டி மாற்றும்போது வருவது வேறோர் உணர்வு. இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கும், ஒன்று இன்னொன்றைப் பொய்யாக்காது. பிள்ளை கைவிட்டு அளைந்த சோறு அமுதத்தை விட இனிது என்று நம் பழைய புலவர்கள் பாடியிருக்கிறார்கள். உண்மைதான். சோறு சிந்திய தரையைத் துடைத்தது யார் என்று மட்டும் அவர்கள் பாடவில்லை.

பாசம் இல்லாதவர் பொம்மை விளையாட்டைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் இருக்க மாட்டார். அந்தக் கேள்வியை இத்துடன் மூடிவிடுங்கள்.

இப்போது உங்கள் தாளுக்கு வருவோம். கோபம் வந்த இடங்களில் நீங்களே சிவப்புப் பேனாவால் சுழித்திருக்கிறீர்கள். ‘காலையிலிருந்து ராத்திரி வரை’ என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் சுழிகள் இரண்டே இடத்தில்தான் கூட்டமாக இருக்கின்றன. காலை ஏழரையிலிருந்து வேன் வரும் வரை ஒன்று. மாலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை இன்னொன்று. நடுவில் பத்து மணியிலிருந்து நான்கு வரை ஒரு சுழிகூட இல்லை. அந்த நேரத்திலும் சின்னவன் வீட்டில்தான் இருக்கிறான். அரிசி டப்பாவைக் கவிழ்த்திருக்கிறான், நீங்கள் சிரித்துவிட்டு அள்ளியிருக்கிறீர்கள். இதைப் பொறுமை இல்லாதவர் செய்வாரா? உங்களிடம் பொறுமை இருக்கிறது, சாயங்காலத்துக்குள் தீர்ந்துபோகிறது. ஏன் தீர்கிறது என்பதும் அதே தாளில் இருக்கிறது. இரவு பதினொன்றரைக்குப் படுக்கிறீர்கள். சின்னவனுக்குப் பால் கொடுக்க இரண்டு முறை எழுந்திருக்கிறீர்கள். காலை ஐந்தேகாலுக்கு அடுப்பைப் பற்ற வைத்தாகிவிட்டது. மதியச் சாப்பாடு மூன்றேகாலுக்கு, சமையல் மேடைப் பக்கத்தில் நின்றபடியே. இந்த நிலையில் ஆறரை மணிக்கு யார் இருந்தாலும் கத்துவார்கள், நானும் கத்துவேன்.

இன்னொரு கணக்கு நீங்கள் கவனிக்காதது, மூத்தவளின் தூக்கம். மூன்று மணிக்கு வேனிலிருந்து இறங்குகிறாள், ஐந்து மணிக்குத் தூங்கிப் போகிறாள், ஆறேகாலுக்கு நீங்கள் எழுப்புகிறீர்கள். எழுந்ததிலிருந்து சிணுங்கல். இரவு பத்தரை வரை கண் மூடுவதில்லை. காலை ஆறரைக்கு எழுப்புகிறீர்கள். கூட்டிப் பாருங்கள்: இரவில் எட்டு, மாலையில் ஒன்றேகால், மொத்தம் ஒன்பதேகால் மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது, பகல் தூக்கமும் சேர்த்து. அப்படியானால் சாயங்காலம் அந்த வீட்டில் தூக்கம் போதாத இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு தட்டுச் சோற்றுக்காக முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டுகிறார்கள். இதைப் பிடிவாதம், பொறுமையின்மை என்றெல்லாம் பெயர் வைத்துப் பேசுவது வீண்.

ஆகவே முதல் மாற்றம் சாயங்காலத்தில்தான். வேனிலிருந்து இறங்கியதும் அவளுக்கு வயிறு நிறையும்படி ஏதாவது கொடுங்கள். பிஸ்கெட் வேண்டாம். தயிர்சாதமோ, இட்லியோ, மதியக் குழம்பில் பிசைந்த சோறோ. டிபன் பாக்ஸ் பாதி திரும்பி வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பசி மூன்று மணிக்கு இருக்கும். தூங்க வேண்டுமென்றால் மூன்றரைக்கே படுக்க வையுங்கள், நாலரைக்கு எழுப்பிவிடுங்கள். ஐந்து மணித் தூக்கம் மட்டும் கூடாது. ஐந்து மணிக்குக் கண் சொருகினால் வெளியே கூட்டிப் போங்கள். தெருவில் ஒரு சுற்று, மொட்டை மாடி, எதுவானாலும். ஏழு மணிக்கெல்லாம் பிள்ளைகள் இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும். எட்டரைக்கு விளக்கு அணைய வேண்டும். பத்தரையிலிருந்து எட்டரைக்கு ஒரே நாளில் வர முடியாது. மூன்று நாலு நாளுக்கு ஒரு முறை கால் மணி நேரம் முன்னால் இழுங்கள். ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும், ஆகட்டும்.

இரவு டிபன் விஷயத்தில் கொஞ்சம் கைவிட்டுவிடுங்கள். கணவருக்குச் சப்பாத்தி, பிள்ளைகளுக்கு நெய்த்தோசை, தனியாக ஒரு குருமா என்று மூன்று அடுப்பு வேலை சாயங்காலம் ஏழு மணிக்கு வேண்டாம். மாவு இருந்தால் எல்லோருக்கும் இட்லி, பொடி. வாரத்தில் நான்கு நாள் இப்படி ஓடினால் ஒன்றும் குறைந்துவிடாது. நீங்கள் சமைக்கும்போது மூத்தவள் அரை மணி நேரம் டிவி பார்ப்பதைக் குற்றம் செய்தது போல எழுதியிருக்கிறீர்கள். அதே வழிகாட்டுதல் அவள் வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் என்றுதான் சொல்கிறது. அரை மணி நேரம் பார்க்கட்டும், நீங்கள் நிம்மதியாகக் கரண்டி பிடியுங்கள். ஒன்றரை வயதுக்காரனுக்குத் திரை வேண்டாம். அவனுக்கு நாலு டம்ளர், ஒரு மூடி, ஒரு பழைய கரண்டி கொடுத்துப் பாருங்கள், உங்கள் காது வலித்தாலும் அவன் உட்கார்ந்திருப்பான்.

‘ஒரு தடவை சொன்னா புரியாதா?’ என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். புரியும். ஆனால் புரிந்ததைச் செய்ய, செய்துகொண்டிருப்பதை நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தும் திறன் மூளையின் முன்பகுதியைச் சார்ந்தது. மூளையில் கடைசியாக முதிர்கிற பகுதி அது, இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கும். நாலு வயதில் அது ஆரம்ப நிலையில்தான் இருக்கிறது. அதனால் சமையலறையிலிருந்து கத்திச் சொல்வது வேலைக்கு ஆகாது. பக்கத்தில் போய், தோளில் கை வைத்து, அவள் கண் உங்கள் பக்கம் திரும்பிய பிறகு, ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். ‘ஷூவைப் போடு, பாட்டிலை எடு, தலையைக் காட்டு’ என்று மூன்றைச் சேர்த்துச் சொன்னால் ஒன்றுகூட நடக்காது. ‘ஓடாதே’ என்பதைவிட ‘நடந்து வா’ என்பது அவளுக்கு எளிது. ‘அஞ்சு நிமிஷத்துல டிவியை ஆஃப் பண்ணணும்’ என்றால் அவளுக்கு அஞ்சு நிமிஷம் எவ்வளவு என்று தெரியாது. ‘இந்தப் பாட்டு முடிஞ்சதும்’ என்றால் தெரியும். காலை நேரச் சண்டையில் பாதி யூனிபார்ம் பற்றியது என்கிறீர்கள். எந்தச் சாக்ஸை முதலில் போடுவது, இடதா வலதா என்று அவளைக் கேளுங்கள். பள்ளிக்குப் போவதா வேண்டாமா என்பது அவள் கையில் இல்லை, சாக்ஸாவது இருக்கட்டும். ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது. எல்லா நாளும் பலிக்கிற உபாயம் இந்த வயதுக்குக் கிடையாது, இருக்கிறது என்று சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள்.

பொம்மையை மிரட்டியதைப் பற்றி. உங்களுக்கு அது நெஞ்சில் குத்தியிருக்கும், ஆனால் அவள் கெட்டுப்போய்விட்டாள் என்பதற்கு அது அடையாளம் இல்லை. பயந்ததை, புரியாததை விளையாட்டில் திரும்ப நடத்திப் பார்ப்பது இந்த வயதுப் பிள்ளைகளின் வழக்கம். ஊசி போட்டுக்கொண்டு வந்த பிள்ளை வீட்டில் எல்லோருக்கும் ஊசி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை அவள் மிரட்டும்போது தடுக்காமல் பக்கத்தில் போய் உட்காருங்கள். ‘ஐயோ, பாப்பாவுக்கு அழுகை வந்துடுச்சா? இப்ப பாப்பாவுக்கு என்ன வேணும்?’ என்று கேட்டுப் பாருங்கள். அவள் சொல்லும் பதிலை நோட்டில் குறித்து வையுங்கள். உங்களிடம் அவள் நேரடியாகக் கேட்கத் தெரியாமல் இருந்தது அதில் இருக்கும்.

அடிப்பது பற்றி வளைத்துப் பேச விரும்பவில்லை. நிறுத்த வேண்டும். பள்ளியில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே தடை செய்தது. வீட்டில் அடிப்பதற்கு அப்படியொரு தடை இல்லை என்பதால் அதன் விளைவு மாறிவிடாது. அடி வாங்கிய பிள்ளை அந்த நிமிடம் அடங்கும், சாப்பிடக் கற்றுக்கொள்ளாது. உங்களுக்கும் அடித்தது பிடிக்கவில்லை, அதனால்தான் எழுதினீர்கள். கை ஓங்கும் முன் உடம்பு சில அறிகுறிகளைக் காட்டும்: தாடை இறுகும், காது சூடாகும், குரல் ஏறும். உங்களுடையது எது என்று பாருங்கள். அது வந்ததும் சின்னவனைத் தொட்டிலில் விட்டு, ‘அம்மாவுக்குக் கோபம் வந்திருக்கு, தண்ணி குடிச்சிட்டு வரேன்’ என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போங்கள். இரண்டு நிமிடம் அழுதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள், நாலு எண்ணி இழுத்து எட்டு எண்ணி விடலாம். இதயத் துடிப்பு தணிய அது உதவும். அப்புறம் திரும்பி வந்து சோற்றுத் தட்டை எடுத்துவிடுங்கள். அன்றைக்கு அவள் சாப்பிட்டது போதும்.

கத்திவிட்டால் என்ன செய்வது? சரிசெய்யலாம். எட்வர்ட் டிரானிக் என்ற உளவியலாளர் தாயும் கைக்குழந்தையும் முகம் பார்த்து விளையாடுவதைப் பல ஆண்டுகள் படம் பிடித்து ஆராய்ந்தார். நன்றாக இருக்கிற தாய்-பிள்ளை ஜோடிகளிலேயே இருவரும் ஒத்துப்போயிருந்த நேரம் ஏறக்குறைய 30 சதவீதம்தான். மீதி நேரம் தவறவிடுவதும், திரும்ப வந்து சேர்வதுமாகவே போகிறது. அந்தத் திரும்பி வருதலில்தான் பிள்ளை நம்பிக்கையைக் கற்கிறது என்பது அவர் முடிவு. அதனால் கோபம் ஆறியதும் அவளிடம் போய், ‘அம்மா கத்தினது தப்பு. நீ பயந்துட்ட. இனிமே கத்தாம சொல்லப் பார்க்கிறேன்’ என்று சொல்லுங்கள். இரண்டு வரி போதும். ‘நீ தட்டைத் தள்ளினதாலதான்’ என்று சேர்த்தால் அது மன்னிப்பு இல்லை. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்வதும், அவளைக் கட்டிக்கொண்டு அழுது அவள் உங்கள் கண்ணைத் துடைக்கும்படி ஆவதும் வேண்டாம். நாலு வயதுக்கு அது பெரிய பாரம்.

இவ்வளவு சொன்ன பிறகும் விஷயத்தின் நடுப்பகுதிக்கு நான் இன்னும் வரவில்லை. உங்கள் தாளில் ஆறரை முதல் ஒன்பது வரை ஒரே ஒரு பெரிய ஆளின் பெயர்தான் இருக்கிறது. வீட்டில் ஆள் போதவில்லை. அதை உங்கள் குணத்தின் குறையாக எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

மாமியார் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். அஞ்சு பிள்ளை வளர்த்தது உண்மைதான், அதில் கிண்டல் எதுவும் எனக்கு இல்லை. ஆனால் அந்த வீட்டில் நாத்தனார் இருந்தார், மாமியார் இருந்தார், பத்து வயது மூத்த பெண் இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றாள். பிள்ளைகள் பகல் முழுக்க நாலு வீட்டுத் திண்ணையில் கிடந்தன. தனி வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரே பெண் இரண்டு பிள்ளைகளைப் பார்ப்பது அவருக்கும் தெரியாத வேலை. 42 நாடுகளில் பெற்றோரின் சோர்வை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2021-ல் வந்தது. தனிமனிதப் போக்கு அதிகமுள்ள பணக்கார மேலைநாடுகளில்தான் அந்தச் சோர்வு அதிகமாக இருந்தது. ஓசூர் அடுக்குமாடியும் அந்தப் பக்கம்தான் நகர்ந்துகொண்டிருக்கிறது. இதையெல்லாம் மாமியாரிடம் வாதாட வேண்டாம். அடுத்த முறை வரும்போது, ‘அத்தை, சாயங்காலம் அஞ்சரையிலேர்ந்து ஆறரை வரைக்கும் சின்னவனை நீங்க வெளியே தூக்கிட்டுப் போறீங்களா?’ என்று நேரம் குறித்துக் கேளுங்கள். ‘கொஞ்சம் பார்த்துக்கங்க’ என்றால் நடக்காது. அவருக்கும் அந்த ஊரில் நாலு முகம் தெரிய வரும்.

கணவரைப் பற்றி நீங்கள் எழுதியது ஒரே வரி: ‘அவர் நல்லவர், கேட்டால் செய்வார்.’ மத்திய அரசின் 2019-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். பெரும்பாலான அந்த ஆண்களும் நல்லவர்கள்தான், கேட்டால் செய்பவர்கள்தான். நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பதே ஒரு வேலை என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. எனவே நிமிடத்துக்கு ஒன்றாகக் கேட்காமல், ஒரு பகுதியை முழுசாகக் கொடுத்துவிடுங்கள். ஷிப்ட் வேலை இதற்கு உண்மையில் வசதி. காலை ஷிப்ட் வாரத்தில் மூன்று மணிக்கு வீட்டில் இருக்கிறார். ஒரு தூக்கம் போட்டுவிட்டு எழட்டும், ஐந்தரையிலிருந்து மூத்தவளின் குளியல், சாப்பாடு, தூக்கம் மூன்றும் அவர் பொறுப்பு. மதிய ஷிப்ட் வாரத்தில் காலை ஏழரைச் சண்டையை அவர் எடுத்துக்கொள்ளட்டும், வேன் ஏற்றும் வரை. இரவு ஷிப்ட் வாரத்தில் பகலில் அவரைத் தூங்க விடுங்கள், கிளம்பும் முன் ஒரு மணி நேரம் இரண்டு பேரையும் மொட்டை மாடிக்குக் கூட்டிப் போகட்டும். அவர் ஜடையைக் கோணலாகப் பின்னுவார். சட்டை பட்டனை மாற்றிப் போடுவார். திருத்தாதீர்கள். திருத்தினால் அந்த வேலை உங்களிடமே திரும்பி வரும்.

வீட்டில் இருக்கிற இரவுகளில் சின்னவனின் முதல் விழிப்பையும் அவரே பார்க்கலாம். ஒன்றரை வயதில், பகலில் நன்றாகச் சாப்பிடுகிற, எடை சரியாக இருக்கிற பிள்ளைக்கு ராத்திரிப் பால் பெரும்பாலும் பசிக்காகத் தேவைப்படாது, பழக்கம்தான். குழந்தை மருத்துவரிடம் எடையைக் காட்டிவிட்டு மெல்லக் குறையுங்கள். பகல் பால் தொடரட்டும். முதல் சில இரவுகள் அழுகை இருக்கும், அதனால் பள்ளி விடுமுறை நாட்களாகப் பார்த்து ஆரம்பியுங்கள்.

சந்தோஷம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாள் முழுக்க அது இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் கிடைக்கவே கிடைக்காது. ஒரு நாளில் பத்து நிமிடம் போதும், ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் போன் வேறு அறையில் இருக்க வேண்டும். மூத்தவளோடு தரையில் உட்காருங்கள். என்ன விளையாட்டு என்பதை அவள் சொல்லட்டும். ‘இது என்ன கலர்? எத்தனை இருக்கு?’ என்று ஒரு கேள்வியும் கேட்காதீர்கள்; படித்த அம்மாக்களுக்கு இதுதான் கஷ்டமான பகுதி. அவள் செய்வதைச் சும்மா சொல்லிக்கொண்டிருங்கள்: ‘ஓ, யானைக்கு வீடு கட்டுறியா.’ பெற்றோருக்குப் பயிற்சி தரும் சிகிச்சை முறைகள் பலவற்றில் முதல் பாடம் இதுதான், இதில் தேறிய பிறகுதான் கட்டுப்பாடு பற்றிய பாடமே வரும். தம்பி வந்த பிறகு அவளுக்கு முழுசாக அம்மா கிடைக்கிற நேரம் இதைத் தவிர வேறு இல்லை.

அதோடு, பிள்ளைகள் சம்பந்தப்படாத சந்தோஷமும் வேண்டும். கல்லூரியில் த்ரோபால் அணியில் இருந்தேன் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதி, பிறகு அதை அடித்திருக்கிறீர்கள். ஏன் அடித்தீர்கள்? வாரத்தில் இரண்டு மணி நேரம் வெளியே போங்கள், பந்து கிடைத்தால் பந்து, இல்லாவிட்டால் தோழி வீடு. வரும் வழியில் காய்கறி வாங்கக் கூடாது. வாங்கினால் அது கடைக்குப் போனதாகிவிடும்.

கடைசியாக, எங்காவது போய்விடலாம் போலிருக்கிறது என்ற வரி. களைத்துப்போன அம்மாக்களில் நிறையப் பேருக்கு இந்த எண்ணம் வரும், பெரும்பாலும் அதன் பொருள் இரண்டு நாள் தூங்க வேண்டும் என்பதுதான். இருந்தாலும் கடிதத்தை மட்டும் வைத்து நான் அப்படி முடிவு செய்யக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேலாக மனம் இருண்டே இருக்கிறதா, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்கவில்லையா, பிள்ளை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லையா என்று பாருங்கள். ஆமாம் என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு பிள்ளைக்கு ஒரு வயது தாண்டிய பிறகும் நீடிக்கலாம், அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. உங்களையோ பிள்ளைகளையோ ஏதாவது செய்துவிடுவோம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே கணவரிடம் சொல்லுங்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி-மானஸின் எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

இந்த வாரமே ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள், ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டும். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. இரண்டு பிரசவம், நின்றுகொண்டே மூன்றேகால் மணிச் சாப்பாடு என்றால் உங்களுக்கும் இருக்க வாய்ப்பு உண்டு. ரத்தசோகையும் தைராய்டுக் குறைவும் ஆளைச் சோர்வாகவும் எரிச்சலாகவும் ஆக்கும். மாத்திரையில் சரியாவதை மனசோடு மல்லுக்கட்டிச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம்.

யோகா வகுப்பில் தாராளமாகச் சேருங்கள். ஆனால் நீங்கள் குறிப்பிட்ட மாலை ஆறு மணி வகுப்பு வேண்டாம், அந்த நேரத்தில் வீட்டில் நடப்பதைத்தான் இவ்வளவு நேரம் பேசினோம். காலை பத்து மணி வகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த ஒரு மணி நேரம் சின்னவனை யார் பார்ப்பார்கள் என்பதைப் பணம் கட்டும் முன்பே கணவரோடு உட்கார்ந்து, ஷிப்ட் வாரியாக எழுதி வைத்துவிடுங்கள்.